எதிர்வீட்டுக்கு நகர்ந்த சாலை

புதிய மாஸ்டர் பிளான் வரைபடத்தில் அறுபதடிச் சாலை ஒன்று என் வீட்டின் நடுவே, சரியாகப் புத்தக அலமாரி வழியாகப் போனது. நகரமைப்பு அமைச்சர் என்னோடு கல்லூரியில் படித்தவர். அறத்தைப் பற்றி நான் எழுதிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன்.

காபி வரவழைத்தார். வரைபடத்தை விரித்து, பென்சிலை என் கையில் கொடுத்தார்.

"ரோட்டை அழிக்க முடியாதுங்க. நகர்த்தலாம். எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

என் வீட்டுக்குப் பின்னால் இருந்த கல்யாண மண்டபம் அவருடைய மச்சானுடையது. எதிரே ஒரு தையல்காரரின் வீடு. பென்சிலை எதிரே வைத்தேன்.

"கை நடுங்கவே இல்லீங்களே! நீங்க அரசியலுக்கு வந்திருக்கோணும்" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் தையல்காரர் நோட்டீசோடு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, மந்திரி உங்க சினேகிதராமாங்க. ஆட்சேபணை மனு ஒண்ணு எழுதிக் குடுங்க. மிசின் மிதிச்சே கட்டுன ஊடுங்க."

எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதிலேயே உருக்கமானது அதுதான். படித்துக் கண் கலங்கினார்.

"நீங்க எதுத்தாப்புல இருக்கறப்ப எனக்கென்னங்க பயம்?"

நன்றிக்கு ஒரு சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லி, அப்போதே அளவெடுத்தார். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்போதும் அது நடுங்கவில்லை.