பூமணியக்கா ஏசினதும் புது வெர்ஷனும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்னென்ன கட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் புக்கெகோஹியில் கரட் கழுவிப் பெட்டியில் அடைக்கிற பாக்ஹவுஸில் றப்பர் சப்பாத்தோடு நின்ற நான், அதே பாக்ஹவுஸுக்கு ஓடர் எடுக்கிற வெப் அப்ளிகேஷனைக் கட்டினேன். கடைக்காரர்கள் போனில் இருந்தபடியே முட்டைக்கோவாவும் கீரையும் ஓடர் போட வழி செய்தேன். எந்த லொறியில் எது ஏறவேண்டும் என்று பிரிண்ட் ஆகி வருகிற சீட்டும் நான் செய்ததுதான். சூப்பர்மார்க்கெட் கம்பனியின் கணினிக்கு எங்கள் கணினி தானாகவே ஓடர்களை அனுப்புகிற இணைப்பும் என் கைவேலை. இங்கிலீஷ் மனுவலில் ஒரு பக்கம் வாசிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். பக்கத்தில் இருந்து சொல்லித் தர ஆள் இல்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகினேன். “உமக்கேன் உந்த வேலை” என்று சிரித்தவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு அதில்தான் ஓடர் போடுகிறார்கள்.

இதை எழுதுவது பெருமைக்காக மட்டும் இல்லை. பெருமையும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் போன வருடம் நடந்த அப்டேட் கதையை இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அத்திவாரத்தை மாற்றச் சொன்னார்கள்

ஃப்ரேம்வொர்க் என்றால் வேறு ஆட்கள் முன்கூட்டியே போட்டுத் தருகிற அத்திவாரமும் தூணும் மாதிரி. நாங்கள் அதன்மேல் சுவர் எழுப்பிக் கூரை போடுகிறோம். என்னுடைய அப்ளிகேஷன் நின்ற வெர்ஷன் பழசாகிவிட்டது. அதற்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று ஃப்ரேம்வொர்க்காரர் அறிவித்துவிட்டார்கள். அது தெரிந்ததும் சூப்பர்மார்க்கெட் கம்பனியில் இருந்து ஈமெயில் வந்தது: புது வெர்ஷனுக்கு மாறாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம், ஓடர் வேறு பாக்ஹவுஸுக்குப் போகும்.

எங்கள் மரக்கறியில் பெரும்பகுதி அவர்களுக்குத்தான் போகிறது. அந்த ஓடர் போனால் பாக்கிங் லைனில் நிற்கிறவர்களுக்கு வேலை இல்லை. நான் ஒருகாலத்தில் நின்ற லைன் அது.

பாக்ஹவுஸ் மனேஜர் ரவி மலேசியாக்காரர். ஓடிவந்தார்.

“அங்கிள், அவனுங்க சும்மா மிரட்டல லா. மெய்யாவே கட் பண்ணிடுவானுங்க. ஒரு ஆள ஹயர் பண்ணிட்டேன், நல்ல பொண்ணு, சென்னை. அங்கிள் கூட இருந்து காட்டிக் குடுத்தா போதும்.”

காட்டிக் கொடுக்கிற வேலையா எனக்கு? மனதில் குத்தியது. ஆனாலும் நகரத்தின் மறுபக்கம் மாசி என்கிற இடத்தில் இருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிய சுதா கெட்டிக்காரி என்பதை முதல் நாளே கண்டுகொண்டேன். நான் எழுதின பழைய கோட் வரிகளைப் புது வெர்ஷனுக்கு ஏற்றபடி தானாக மாற்றி எழுதுகிற அப்கிரேட் டூல் ஒன்றை ஓடவிட்டாள். நான் மாதக்கணக்கில் செய்திருப்பேன், அது தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிட்டது. மிச்சத்தைக் கையால் திருத்தினாள். ஸ்கிரீன் எல்லாம் முன்னைவிட வேகமாகத் திறந்தது.

அதன்பிறகுதான் என்னுடைய டெஸ்டுகளைத் திறந்தாள்.

ஏச்சு வாங்கினால் டெஸ்ட்

டெஸ்ட் என்பது ஒரு சின்னப் புரோகிராம். அப்ளிகேஷனிடம் ஒரு கேள்வி கேட்கும். பதில் சரி என்றால் பச்சை, பிழை என்றால் சிவப்பு. இதில் எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யாராவது போன் எடுத்து ஏசினால், பிழையைத் திருத்துவதற்கு முன்னால் அந்த ஏச்சை ஒரு டெஸ்டாக எழுதுவேன். ஏசின ஆளின் பெயரையே அதற்கு வைப்பேன். பிழைக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்பது எனக்கு மறந்துபோகும். ஏசினவரை மறக்கமாட்டேன்.

சுதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“சார், என்ன சார் இது? ‘பூமணியக்கா ஏசினது’, ‘லொறி டேவிட் கத்தினது’... இங்கிலீஷ் எழுத்துல தமிழ் வேற! ஏசினதுன்னா திட்டினதா சார்?”

“ஓம் பிள்ளை. நல்லாத் திட்டினது.”

“எத்தனை பேர்கிட்ட சார் திட்டு வாங்கிருக்கீங்க?”

“வேலை செய்தவனுக்குத்தான் ஏச்சு விழும், பிள்ளை.”

சிரிப்பு முடிந்ததும் விஷயத்துக்கு வந்தாள். டெஸ்ட் ஓட்டுகிற கருவியும் வெர்ஷன் மாறிவிட்டது. என்னுடைய பழைய டெஸ்டுகள் அதில் ஓடவே ஓடாது, எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டும். “டைம் இல்ல சார். ஸ்கிரீன் எல்லாம் நானே ஒண்ணொண்ணா செக் பண்ணிட்டேன். இத அப்புறம் பாத்துக்கலாம்.”

ரவியும் அவள் பக்கம். “ஸ்கிரீன் ஓடுதில்ல அங்கிள்? போதும்லா. திங்கக்கிழமை லைவ், எல்லாரும் புதுசுலதான் ஆர்டர் போடணும்.”

“ரவி, உதுகள் பச்சையாகாமல் இதை லைவ் பண்ண விடமாட்டன். பிறகு போனிலை ஏச்சு வாங்கப்போறது நீரோ நானோ?”

“அங்கிளுக்கு ஈகோ,” என்றார் ரவி. இருந்தால் என்ன? ஈகோ இல்லாமல் எட்டாம் வகுப்புக்காரன் சொஃப்ட்வேர் கட்டுவானா? திங்கட்கிழமைக்குள் நானே திருத்தித் தருவதாகச் சொல்லிவிட்டு கன்டீனில் ஒரு மேசையைப் பிடித்தேன். பாக்கிங் லைன் பிள்ளைகள் ஸ்மோகோ என்கிற தேத்தண்ணி இடைவேளைக்கு வந்து பாண் துண்டைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பார்கள். நான் நிமிரவில்லை. சந்தேகம் வந்தால் சுதாவிடம் போய்க் கேட்பேன். முகம் சுளிக்காமல் காட்டித் தந்தாள், அதையும் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் சிவப்பு

கடைசியில் எல்லாவற்றையும் ஓடவிட்டேன். டேவிட் பச்சை. மற்றவர்களும் பச்சை. பூமணியக்கா மட்டும் சிவப்பு.

பூமணியக்கா மவுண்ட் ரோஸ்கில்லில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறவர். வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிடாத சனம் அங்கேதான் கீரை வாங்க வரும். அப்ளிகேஷன் தொடங்கிய காலத்தில் ஒருநாள் போன் எடுத்தா.

“தம்பி, என்ன பகிடியே விடுறீர்? வெள்ளிக்குக் கேட்ட கீரையை வியாழன் விடியக் கொண்டுவந்து பூட்டின கடை வாசலிலை போட்டிட்டுப் போயிருக்கிறாங்கள். எல்லாம் வாடிச் செத்துப்போச்சு. வாற சனத்துக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது, உம்மடை கொம்பியூட்டரையோ?”

அன்றைக்கே எழுதிய டெஸ்ட் அது: வெள்ளிக்கு ஓடர் போட்டால், வெளியே போகிற தகவலிலும் வெள்ளி என்றே இருக்கவேண்டும். இப்போது வியாழன் என்று காட்டியது.

“டெஸ்ட்தான் தப்பா இருக்கும் சார்,” என்று சொல்லிக்கொண்டே சுதா வந்து உட்கார்ந்தாள். கோட் வரிகளை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு கதிரையை என் பக்கம் திருப்பினாள்.

“சார்... புது வெர்ஷன் தேதிய வெளிய அனுப்பும்போது உலகப் பொது நேரத்துக்கு மாத்திடுது. நம்மதான் உலகத்துக்கே முன்னாடி இருக்கோமே. இங்க வெள்ளி பொறக்கும்போது அந்தப் பொது நேரத்துல இன்னும் வியாழன். நம்ம ஸ்கிரீன் அத திரும்ப நம்ம நேரத்துக்கு மாத்திக் காட்டுது, அதான் எனக்குத் தெரியல. ஆனா சூப்பர்மார்க்கெட் சிஸ்டம் தேதிய மட்டும்தான் வெட்டி எடுக்கும்.”

“அப்ப?”

“அவங்களுக்குப் போற ஒவ்வொரு ஆர்டரும் ஒரு நாள் முன்னாடின்னு போயிருக்கும் சார். முதல் நாளே மாட்டிருப்போம்.”

ரவி பக்கத்தில் நின்றார். “ஐயோ, அவனுங்க அன்னைக்கே கட் பண்ணிருப்பானுங்கலா,” என்று தலையில் கைவைத்தார்.

எந்த இடத்தில் திருத்துவது என்று சுதாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது, பொய் சொல்லமாட்டேன். அவள் திருத்தினாள், நான் மறுபடி ஓடவிட்டேன். பூமணியக்கா பச்சையானா. சுதா என் கையைப் பிடித்துக் குலுக்கி, “அந்த அக்கா கடைக்கு ஒரு தடவ போகணும் சார்” என்றாள்.

திங்கட்கிழமை லைவ் பண்ணினோம். நானும் ரவியும் லொறி ஏற்றுகிற இடத்தில் நின்றோம். சீட்டு வந்தது, நாள் சரி. சூப்பர்மார்க்கெட்டில் இருந்து ஓடர் கிடைத்தது என்று பதிலும் வந்தது, அதிலும் நாள் சரி. ரவி தன் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

“எவனும் கத்தலியே அங்கிள்!”

அந்த அமைதி இருக்கிறதே, அதைப்போல ஒரு சந்தோஷம் இந்த வேலையில் வேறு இல்லை. லைன் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் ஒரு தேத்தண்ணி குடித்தேன், நல்ல ருசி.

பிள்ளைகளே, புது வெர்ஷன் வந்தால் பயப்படாமல் மாறுங்கள். டூல் இருந்தால் பாவியுங்கள். ஆனால் உங்களை ஏசின ஒவ்வொருவரையும் டெஸ்டாக எழுதி வையுங்கள். பிழை உங்களுக்குத் தெரியாமல் போகும்போது அவர்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று பாக்கி. எல்லாம் முடிந்து ரவி எல்லோருக்கும் ஒரு ஈமெயில் அனுப்பினார். சுதாவுக்கு நன்றி, சரி, அவளுக்கு உரியது. அப்கிரேட் டூலுக்கும் நன்றி என்று அதன் பெயரை வெர்ஷன் நம்பரோடு போட்டிருந்தார். என் பெயர் இல்லை. கேட்டேன். “எல்லாம் டீம் வொர்க்தானே அங்கிள்” என்றார். ஏசினவர்கள் எல்லோருடைய பெயரும் கோட் வரிகளுக்குள் இருக்கிறது. டூலின் பெயர் ஈமெயிலில் இருக்கிறது. கட்டினவன் பெயர்தான் ஓரிடத்திலும் இல்லை. ரவி, நீர் இதை வாசிப்பீர் என்று தெரியும். அந்த ஈமெயிலைத் திருத்தி மறுபடி அனுப்பும். டெஸ்டுகளை எழுதியவர் கந்தையா பரராஜசிங்கம். டூலுக்கு மேலே போடும்.