ஆரோக்கியம் அண்ணன் குத்திக்கொண்ட ஊசி

ஆரோக்கியம் அண்ணன் இறந்த செய்தியை அவர் கையால் செய்த ஆம்ப்ளிஃபையர்தான் ஊருக்குச் சொன்னது. நான் பள்ளி ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். மாதா கோயில் ஒலிபெருக்கியில் கோயில்பிள்ளை மரண அறிவிப்பு வாசித்தார். உப்பளத்தைத் தாண்டி வந்த குரலில் ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிற பெட்டியைத்தானே மரக்காணத்தில் பாதிப் பேர் ‘சுட்டுப்போன செட்டு’ என்று இன்றுவரை கேலி பேசுகிறார்கள்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவர் உப்பளத்து பம்ப் மோட்டார்களைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக். எனக்குக் கூடுதலாக ஒன்று. பாடகர் குழுவில் நான் பாடுவேன், அவர் மைக் வைப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டு முன்னறையில் பற்றவைக்கும் கோலும் ஈயமுமாக உட்கார்ந்துவிடுவோம். ரெஜினா அண்ணி மீன் குழம்போடு வந்து எழுப்பும்வரை எழுந்திருக்க மாட்டோம். அந்த ஆம்ப்ளிஃபையர் அப்படித்தான் உருவானது. பெட்டிக்குப் பின்னால் விசிறி விசிறியாக விரிந்த அலுமினியத் தகட்டில் வரிசையாகப் பவர் ட்ரான்சிஸ்டர்கள். ஸ்பீக்கரைத் தள்ளுகிற பலம் அவற்றில்தான் இருக்கிறது. போனால் முதலில் போவதும் அவைதான்.

சில ஆண்டுகளுக்கு முன், கொடியேற்றத் திருவிழாவுக்கு முதல்முறையாக அந்த செட்டை வைத்தோம். அதுவரை திருவிழாவுக்கு வைத்துவந்தது வேறொரு செட்டுக்காரர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது. மதியம் சோதித்துப் பார்த்தபோது கோயில் கூரை அதிர்ந்தது. சாப்பிட்டுத் திரும்பினோம். கொடி ஏறியது, நான் முதல் வரியைப் பாடினேன், பெட்டிக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம். அதன்பின் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தால் பவர் ட்ரான்சிஸ்டர் அத்தனையும் ஷார்ட்.

அண்ணன் இரவோடிரவாக மாற்றினார். கரண்ட் வரும் வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராகப் போட்டுத்தான் எதையும் சோதிப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பிக்கும். பல்பு லேசாகச் சிவந்து அணைந்தது. வீட்டு ஸ்பீக்கரில் மணிக்கணக்கில் பாடியது. மறுநாள் கோயிலில் ஒயரை மாட்டி வால்யூமை ஏற்றியதும் மறுபடி ‘டப்’. மூன்றாம் நாளும் அதேதான். எனக்கு அவர் எப்போதும் சொல்வது, “செத்தது எதுன்னு பாக்காத மேரி, சாவடிச்சது எதுன்னு பாரு” என்பதுதான். அப்படிச் சொன்னவருக்கே பெட்டிக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை. தான் செய்த பொருளில்தான் தப்பு இருக்கும் என்று நம்புகிற மனுஷன்.

விழாக் குழுவினர் மைக்கைப் பழைய செட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டார்கள். அவர் சொந்த ஒயரோடு வந்தார். ‘வீட்ல செய்யற செட்டெல்லாம் கொடியேத்தத்துக்கே தாங்காதுன்னு அன்னிக்கே சொன்னனே’ என்று குழுவினரிடம் சொல்லிச் சிரித்தார். அண்ணன் தேர்பவனி முழுக்கக் கூட்டத்தின் கடைசியில் தலை குனிந்து நடந்தார்.

உப்புக்காற்றில் கிடந்த ஒயரை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்காமல் யாரும் சுருட்டி வைப்பதில்லை. திருவிழா முடிந்து எங்கள் ஸ்பீக்கர் ஒயருக்கு அந்த வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் துணி மாட்டியது. வெள்ளை ஒயரில் பழுப்பாக ஒரு துருக்கறை. நகத்தால் நிமிண்டியதும் ஒரு குண்டூசி வெளியே வந்தது. தலையை வெட்டிவிட்டு, இரண்டு கம்பிகளையும் ஒன்றாக்கும்படி குறுக்கே செருகியிருந்தார்கள். ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய கரண்ட் அந்த ஊசியிலேயே திரும்பி வந்து ட்ரான்சிஸ்டர்களைக் கொன்றிருக்கிறது. வேறு ஊராக இருந்தால் அது என்றைக்கும் கண்ணில் பட்டிருக்காது. எங்கள் காற்று சில நாட்களில் காட்டிக்கொடுத்துவிட்டது.

நான் அப்போதே பங்குச்சாமியாரிடம் போகக் கிளம்பினேன். அண்ணன் ஊசியைக் கையில் வாங்கிக்கொண்டார். அதன் ஒரு முனையை வளைத்து, சட்டைப் பாக்கெட்டில் எல்லோருக்கும் தெரியும்படி குத்திக்கொண்டார். “இன்னிக்கி சொல்லிட்டா ஒரு நாள் சண்டை, மறுநாள் சமாதானம் பண்ணி வெச்சிருவாங்க. சொல்லலன்னா அவன் தெனம் எதிர்பாத்துக்கினே இருப்பான்” என்றார்.

அன்றிலிருந்து ஊசி இல்லாமல் அவர் வெளியே வந்ததில்லை. பார்க்கிறவர்களெல்லாம் எதற்கு இந்தத் துருப்பிடித்த ஊசி என்று கேட்டார்கள். வேண்டுதல் என்று சொல்லி வைப்பார். ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்தவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“ஊரே கேட்டுச்சு மேரி. அவன் மட்டும் கேக்கல. பாக்கெட்டைப் பாத்தான், மூஞ்சியத் திருப்பிக்கினான்.”

சந்தேகத்துக்கு இனி இடமில்லை. அந்த மனிதர் பூசையில் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் அண்ணன் அவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்தார். கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் உட்கார்ந்தார். ஊசி துருவில் உதிர்ந்துவிடக் கூடாதென்று மோட்டார் எண்ணெய் தடவி வைத்தார். சட்டையெல்லாம் கறை என்று அண்ணி திட்டித் தீர்த்தது. பின்னால் வந்த சாமியார் அண்ணனின் செட்டைக் கேட்டு வாங்கிக் கோயிலில் வைத்தார். விஷயம் தெரிந்ததும் மன்னித்துவிடச் சொன்னார். “மன்னிக்கலாம் ஃபாதர். அவன் வந்து கேக்கட்டும்” என்றார் அண்ணன். அந்த ஆள் கடைசிவரை வரவில்லை. அண்ணனும் கடைசிவரை ஊசியைக் கழற்றவில்லை. இதைக் குறை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அண்ணி அவர் சட்டையிலிருந்து ஊசியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தியது. “நீ வெச்சுக்க. அவன் மேல எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல” என்றது. நான் அதைப் புடவைத் தோளில் குத்திக்கொண்டு ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் போய் நின்றேன். இரங்கல் சொல்ல வந்தவர்களில் அந்தச் செட்டுக்காரரும் இருந்தார். ‘ஆரோக்கியம் எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி’ என்று மைக்கில் ஆரம்பித்தார். நான் மைக்கை அணைக்கவில்லை. வால்யூமை ஏற்றினேன். கடற்கரைக் குப்பம்வரை கேட்கட்டும் என்று ஏற்றினேன். சத்தத்துக்குத் திரும்பியவரின் பார்வை என் தோளில் விழுந்தது. அதன்பின் அவர் மூச்சு வாங்குவது மட்டும் ஊருக்கெல்லாம் கேட்டது. அண்ணன் செய்த பெட்டி அதைக்கூட விடாமல் சொன்னது.

ஆகவே உறவுகளே, அந்த செட்டு சுட்டுப்போகவில்லை, சுடப்பட்டது. பெயரை அண்ணன் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். அண்ணனுடையதாக என்னிடம் இருப்பது இந்த ஊசி ஒன்றுதான். வரும் கொடியேற்றத்தில் இதைக் குத்திக்கொண்டுதான் பாடுவேன். கல்லறையிலிருந்து திரும்பும்போதே எல்லோரும் கேட்டுவிட்டார்கள், நல்ல புடவையில் எதற்கம்மா துருப்பிடித்த ஊசி என்று.

அந்த மனிதர் ஒருவர்தான் கேட்கவில்லை.