கேபிள் வெளியில்தான் ஓடும்!

மீன் விற்கும் எனக்கு, என் கணவர் ஆசையாக ஒரு புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். பிரேக் கேபிள் வெளியே தெரியாமல் ஃபிரேமுக்குள்ளேயே ஓடும். பார்க்க அத்தனை அழகு. வைத்திக்குப்பத்தில் மீன் எடுத்து, சாரம் பகுதியில் தெருத்தெருவாக விற்பேன். கவிச்சி போக, வீடு திரும்பியதும் தண்ணீர் டியூப் பிடித்து வண்டியை முழுக்கக் கழுவுவது என் வழக்கம்.

ஒரு நாள் காலை, வாய்க்கால் பாலத்தின் சரிவில் இறங்கும்போது எதிரே ஒரு ஸ்கூல் ஆட்டோ திரும்பியது. பின் பிரேக்கைப் பிடித்தேன். டப்பென்று கேபிள் அறுந்தது. பதற்றத்தில் முன் பிரேக் ஞாபகத்துக்கே வரவில்லை. ஓரத்தில் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டியை விட்டேன். சங்கரா மீன் ரோடெல்லாம் சிதறியது. எனக்கு முட்டி சிராய்ந்ததோடு போயிற்று.

சைக்கிள் கடையில் பிரித்துப் பார்த்தால், நான் கழுவிய தண்ணீர் கேபிள் நுழையும் ஓட்டை வழியாக இறங்கியதில், கேபிள் உள்ளேயே துருப்பிடித்திருக்கிறது. வெளியில் இருந்திருந்தால் என்றைக்கோ கண்ணில் பட்டிருக்கும்.

"புது கேபிள வெளியில போடுங்கண்ணே" என்றேன்.

"அசிங்கமா இருக்கும்மா" என்றார் கடைக்காரர்.

"என் வண்டி, என் உசுரு. போடுங்க."

இப்போதும் தினமும் கழுவுகிறேன். ஆனால் கேபிளைத் துடைத்து, எங்காவது இழை பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்த பிறகுதான் கிளம்புகிறேன்.

கணவர் மட்டும் இன்னும் சிரிக்கிறார். "என்னாடி, சைக்கிள்ல துணி காயப்போட கொடி கட்டினு வந்துருக்க?"

"கொடியாவே இருக்கட்டும். உன் சட்டையக் காயப்போட நான் உசுரோட வூடு வந்து சேரணும்ல?"