பாசஞ்சர் ரயிலில் கவிழ்ந்த கப்பல்

ஒரு கப்பலை நான் கவிழ்த்திருக்கிறேன். முப்பது வருடங்களுக்கு முன்னால், நகரியிலிருந்து திருப்பதி போகும் காலை பாசஞ்சரில், ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு. அதில் போன செங்கான் என்கிற குதிரைக்காரனைக் கடலில் மூழ்கடித்தேன். புத்தகத்தில் அந்தக் கப்பல் கவிழவே இல்லை.

தெரிந்தேதான் செய்தேன். தவறு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் நான் வேறொருவரைத் திட்டப்போகிறேன் என்று நினைத்து ஆவலாக உட்கார்ந்துவிடாதீர்கள். அவரையும் திட்டுவேன். ஆனால் வரிசையில் முதல் ஆள் நான்.

அந்த வேறொருவர், 'ஏழு கொத்தளம்' நாவல்களை எழுதிய ஆசிரியர். கோட்டை, குதிரைப்படை, ஒற்றைக்கண் ராணி, மலையடியில் தூங்கும் யாளி... ஏழு தடித்தடி பாகங்கள். ஏழாவதோடு கதை முடிந்தது. நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடினோம். அதோடு விட்டாரா? இப்போது 'முதல் கொத்தளம்' என்று ஒரு முன்கதை. எல்லாம் எப்படித் தொடங்கியது என்று சொல்கிறாராம். யார் கேட்டார்கள்?

அறுநூறு பக்கம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன்.

மூன்றாம் கொத்தளத்தின் கதவிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டும். ஏன் என்று ஏழு பாகத்திலும் யாருக்கும் தெரியாது. சிறைப்பட்ட ஆறு அழுகிறது என்பான் ஒருவன், சாபம் என்பான் இன்னொருவன். அதே பாசஞ்சரில் போன நாங்கள் புத்தூரிலிருந்து ரேணிகுண்டா வரை இதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். இப்போது விடை கிடைத்துவிட்டது — கட்டிய கொத்தனார் சுண்ணாம்பைச் சரியாகக் குழைக்கவில்லையாம். கசிவு!

ராணிக்கு ஒரு கண் போனது எப்படி? சின்ன வயதில் முள் குத்திவிட்டது. யாளி ஏன் தூங்குகிறது? அதிகமாகச் சாப்பிட்டுவிட்டது. நடுவில் ஒரு விருந்து, நாற்பது பக்கம். பரிமாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவராவது எழுந்து கை கழுவ வேண்டாமா?

பேனாவை எடுத்தேன். கிழித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் நகரியிலிருந்து பழைய ரயில் சிநேகிதர் முனிரத்தினம் போன் செய்தார்.

"சார், எங்க கீற?"

'சார்' என்பார், அடுத்த மூச்சில் 'நீ' என்பார். எங்கள் பக்கத்துப் பழக்கம். அதில் குறை ஒன்றும் இல்லை.

"வீட்லதான். சொல்லு முனிரத்தினம்."

"அந்த முதல் கொத்தளம்... பொண்ணு போன்ல போட்டுக் குடுத்தா. காதுல மாட்டிக்கினு கேட்டேன். இன்னா சார் இது? செத்துப்போனவன் எப்படி சார் கதை சொல்லிக்கினு கீறான்?"

தெரியாதவன் போலக் கேட்டேன். "யாரு?"

"செங்கான் சார்! கெழவனாயி, கடலுக்கு அந்தாண்ட ஒரு கோட்டைல குந்திக்கினு, பாட்டன் கதை முப்பாட்டன் கதைலாம் அவன்தான் சொல்றான். நாலாம் பாகத்துலயே கப்பல் முழுகிப்போச்சே! எழுதினவனுக்கே மறந்துபோச்சா? கேக்கறவன் இன்னா லூசா? நீ பேப்பர்ல எழுதற இல்ல... நாறடிச்சி வுடு சார்."

"பாக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆந்திராவின் இந்த எல்லை ஓரத்தில் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. முனிரத்தினத்துக்குத் தமிழ் வாயில் உண்டு, காதில் உண்டு, கண்ணில் கிடையாது. ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. நான் மெட்ராஸில் படித்துவிட்டு வந்து திருப்பதியில் பொருளாதார விரிவுரையாளர் ஆனவன். அவர் ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். இரண்டு பேருக்கும் சீசன் டிக்கெட், ஒரே பெட்டி, எதிரெதிர் சீட். 'ஏழு கொத்தளம்' ஒவ்வொரு பாகமாக வெளிவர, நான் வாய்விட்டுப் படிப்பேன். பத்துப் பேர் கேட்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் பெட்டியில் இருந்தார்கள்தான். அவர்கள் மூலையில் சீட்டாடுவார்கள்.

ஆக, நான் என்ன படிக்கிறேனோ அதுதான் கதை.

செங்கான் கோட்டைக்கு வெளியே பிறந்தவன். குதிரைக்குப் புல் போடலாம்; மேலே ஏறக் கூடாது. மூன்றாம் பாகத்தின் கடைசியில் ஏறிவிடுகிறான். முனிரத்தினத்தின் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். எங்கள் நிலத்திலும்தான். செங்கான் குதிரை ஏறிய அன்று முனிரத்தினம் ரேணிகுண்டாவில் இறங்க மறந்து திருப்பதி வரைக்கும் வந்துவிட்டார்.

நான்காம் பாகம் வந்தபோது அவருக்குக் குவைத் விசா ஏற்பாடாகியிருந்தது. மச்சான் அங்கே இருந்தார். அப்போதெல்லாம் தெருவுக்கு நாலு பேர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போவதா, வேண்டாமா?

"செங்கானும் கப்பல் ஏறப்போறான் சார். அவன் இன்னா ஆவறான்னு பாத்துட்டு நானும் சொல்லிடறேன் மச்சானுக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விளையாட்டு இல்லை. எங்கள் ஊரில் இரண்டு மனதாக இருந்தால் சாமி முன்னால் பூ போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூவா, சிவப்புப் பூவா என்று பார்ப்பார்கள். அவர் என்னிடம் போட்டுப் பார்த்தார்.

புத்தகத்தில், புயல் அடங்குகிறது. கப்பல் கரை சேர்கிறது. நான் புயலை அடங்க விடவில்லை. பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, இல்லாத வரிகளைப் படித்தேன். பாய்மரம் முறிந்தது, பலகை பிளந்தது... செங்கானின் தலைப்பாகை மட்டும் அலையில் மிதந்தது. நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன். பூ மூட்டை கொண்டுபோகும் ஒரு பெண் அழுதாள்.

முனிரத்தினம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அவன் குடுத்துவெச்சது அவ்ளோதான்" என்றார். அந்த வாரமே விசாவைத் தம்பி குப்பன் பேருக்கு மாற்றச் சொல்லி மச்சானுக்கு எழுதிவிட்டார்.

அன்றைக்கு முதல் பீரியடில் நான் நடத்திய பாடம் என்ன தெரியுமா? தாராளமயம். 'கதவுகள் திறக்கின்றன' என்று கரும்பலகையில் எழுதினேன்.

ஏன் செய்தேன்? அவர் போய்விட்டால் எதிர் சீட் காலியாகிவிடும், அவரைப் போலக் கேட்க ஆள் கிடைக்காது என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர் மகன் பெரிய சூட்கேசோடு நகரியில் வந்து இறங்குவதைப் பார்க்க எனக்கு மனம் இல்லை. இதை இத்தனை வருடத்தில் இப்போதுதான் எழுதுகிறேன்.

கொன்றாயிற்று. அதோடு முடிந்ததா? புத்தகத்தில் அந்த மனுஷன் உயிரோடு இருக்கிறானே! ஐந்து, ஆறு, ஏழு — மூன்று பாகத்திலும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறான். என்ன செய்வது? 'கருங்கான்' என்று ஒரு தம்பியை உண்டாக்கினேன். செங்கான் என்று அச்சாகியிருக்கும் இடத்தில் எல்லாம் கருங்கான் என்று படித்தேன். கருங்கான் தளபதி ஆனான். கருங்கானுக்குக் கோட்டை கிடைத்தது.

"பாரு சார்" என்றார் முனிரத்தினம் ஒருநாள். "அண்ணன் முழுகினான். தம்பி வாழறான்."

அந்த வருடம் நகரியில், குவைத் பணத்தில், குப்பனின் வீட்டுக்கு முதல் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. பிறகு ரேணிகுண்டா பட்டறையை மூடிவிட்டார்கள். முனிரத்தினம் ஊரோடு வந்து யாரோ ஒருவரின் விசைத்தறியில் நின்றார். முழங்கால் போகும்வரை நின்றார். இன்றைக்கும் தம்பி வீட்டின் பின்கட்டில்தான் குடியிருக்கிறார்.

போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நான்காம் பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு நகரிக்குப் பஸ் ஏறினேன்.

தறிச் சத்தத்துக்கு நடுவே கன்னியம்மா கதவைத் திறந்தார் — அவர் மனைவி. "வா சார். நல்ல நேரத்துல வந்த. ரெண்டு நாளா அந்தக் கதைய காதுல மாட்டிக்கினு திட்டிக்கினே கீறாரு. சோறு துன்னும்போதுகூட கழட்டல. யாரத் திட்டறாருன்னு தெரியாம எதிர் வூட்டுக்காரி பேசறத வுட்டுட்டா."

முனிரத்தினம் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். "எழுதிட்டியா சார்?"

"இல்ல. முதல்ல ஒரு பக்கம் படிக்கறேன், கேளு. இதுல என்ன இருக்கோ அத அப்படியே படிக்கறேன்."

படித்தேன். புயல் அடங்கியது. கப்பல் கரையைத் தொட்டது. செங்கான் மணலில் இறங்கி நின்றான்.

கன்னியம்மாவின் கையில் டீ டம்ளர் அப்படியே நின்றது.

"இன்னொரு தபா படி" என்றார் முனிரத்தினம்.

படித்தேன்.

"அப்போ கருங்கான்?"

"அப்படி ஒருத்தன் இல்ல, முனிரத்தினம்."

"இல்லியா?"

"நான் சேர்த்தது."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். எதிர் சீட் காரணத்தையும் சொன்னேன், சூட்கேஸ் காரணத்தையும் சொன்னேன். சொல்லும்போது மேல் மாடியிலிருந்து குப்பன் வீட்டு டிவி கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னா சார், படிச்சவரு" என்றார் கன்னியம்மா. அவ்வளவுதான். டம்ளரை என் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

முனிரத்தினம் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"குவைத்து போயிருந்தா நான் இன்னா ஆயிருப்பேன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அத்த வுடு. அந்த சீட்ல உங்கூட சிரிச்சிக்கினு வந்தேனே சார், அம்மாம் வருசம்... அது ஒண்ணு நல்லா இருந்துச்சி. இப்போ வந்து அதுக்குப் பின்னாடி இது இருந்துச்சின்னு சொல்ற." முழங்காலிலிருந்து கையை எடுத்தார். "நீ சொன்னதும் முன்கதைதான் சார். இதுவும் நல்லா இல்ல."

சொட்டும் கதவைப் பார்த்து அத்தனை வருடம் வியந்தவரிடம் போய், சுண்ணாம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாமா? அதுவும் கூடாது. கசிகிற கதவு கசிகிறதுதானே. அந்த ஆசிரியர் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்தக் கட்டிலருகே தீர்ந்துபோனது. மீதிப் பாதி அந்த நாற்பது பக்க விருந்துக்காக. அது தீராது.

எப்போதும் பஸ் ஸ்டாண்டு வரை கூட வருவார். அன்றைக்கு வரவில்லை. முழங்கால் வலி என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வேலை தொடங்கினேன். பழைய பாகங்கள் இன்னும் போனில் கேட்கும்படி வரவில்லை. அதனால் கப்பல் கரை சேர்ந்த இடத்திலிருந்து, உள்ளது உள்ளபடி, நானே படித்துப் பதிவுசெய்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினேன். தினம் அரை மணி நேரம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க. செங்கான் என்று இருந்தால் செங்கான்.

ஒன்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இரண்டு... ஐந்து... ஒன்பது. நீல டிக் மட்டும். கேட்கிறாரா, திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. பதில் வராது என்றே முடிவுசெய்துவிட்டேன். ஆனாலும் நிறுத்தவில்லை. மூன்று பாகத்துப் பொய்யை மூன்று வாரத்தில் முடித்துக்கொள்ள முடியுமா?

பன்னிரண்டாவதை அனுப்பியதற்கு அடுத்த நாள், ஞாயிறு காலையில், அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

"சார். ரேவதி வந்து கீறா." ரேவதி அவர் மகள். சென்னையில் வேலைக்குப் போய், பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்தே தமிழ் படிக்கக் கற்றவள். "மெட்ராஸ்லேர்ந்து புஸ்தகம்லாம் வாங்கிக்கினு வந்துட்டா. அத்த வெச்சிக்கினு பக்கத்துல குந்திக்கினு கீறா. பன்னெண்டாவதுல ஒரு வரிய முழுங்கிட்ட சார். செங்கான் குதிரைக்குத் தண்ணி காட்டற வரி. அத்தப் படிச்சி அனுப்பு." பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது. "இனிமே முழுங்கினா தெரிஞ்சிபோயிடும். பாத்துப் படி."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வாஸ்தவம். ஒரு வரியிலிருந்து அதற்கடுத்த வரியை விட்டு மூன்றாம் வரிக்குத் தாவியிருக்கிறேன். சத்தியமாக வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் அவரிடம் போய் அப்படிச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

அந்த ஒரு வரியைப் படித்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் நீல டிக். அதன் கீழே தெலுங்கில் ஒரே சொல்: 'தரவாத?' — அப்புறம்?

நாறடித்து எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன், ஆள்தான் மாறிவிட்டது. நாளைக்குப் பதிமூன்றாவது படிக்க வேண்டும்... அதற்கு முன்னால் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன்.