வெள்ளையடித்த வீடு: பெருமாள்மலைக்கு இரண்டு பயணங்கள்

மகள்தான் இந்த வலைப்பூவைத் தொடங்கிக் கொடுத்தாள். "கொடைக்கானல் போனதப் பத்தி எழுதுங்கப்பா, சீசனுக்கு நிறையப் பேர் படிப்பாங்க" என்றாள். எழுதுகிறேன். ஏரியில் படகு விட்ட கதையைத் தேடி வந்தவர்கள் தாராளமாக வேறு பக்கம் போய்விடலாம். நான் அந்த மலைக்கு இரண்டு முறைதான் போயிருக்கிறேன், இரண்டும் எண்பத்து நான்கில். மே மாதம் பட்டாளத்து ஜீப்பில், அக்டோபரில் பஸ்ஸில். இரண்டு முறையும் ஏரியைப் பார்க்கவில்லை.

அப்போது நான் ராணுவத்தில் மேஜர். எல்லையில் நிற்கிற மேஜர் இல்லை, பத்திரிகைக்காரர்களுக்குக் காபி வாங்கித் தருகிற மேஜர். மக்கள் தொடர்பு அதிகாரி என்று பெயர்ப்பலகை. நல்லது நடந்தால் நான் சொல்ல வேண்டும். கெட்டது நடந்தால் "விசாரணை நடக்கிறது" என்று சொல்ல வேண்டும். வேறு எது நடந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு எனக்கு டெல்லியில் மூன்று மாதம் பயிற்சி வேறு கொடுத்தார்கள்.

அந்த வருடம் செல்வராஜ் என்ற லான்ஸ் நாயக்குக்கு வீரப் பதக்கம் கிடைத்தது. வடக்கே பனிச்சரிவில் புதைந்த இரண்டு பேரைக் கையாலேயே தோண்டி எடுத்தவன். அவன் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, பதினோரு வருடத்துக்கு முன்பே பெருமாள்மலைக்கு அந்தப் பக்கச் சரிவில் குடிசை போட்டிருந்தது. பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டையும் பெற்றோரையும் படம் எடுத்து வா என்று என் கர்னல் சொன்னார்.

மதுரையிலிருந்து விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். கொடைக்கானல் 120 கிலோமீட்டர். பெருமாள்மலை அதற்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால். வத்தலக்குண்டில் காபி குடித்துவிடுங்கள், அதற்கு மேல் வளைவுகள்தான். என்னோடு வந்த மூன்று நிருபர்களில் ஒருவர் மலை ஏறியதிலிருந்து ஜீப்புக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தார். இன்னொருவர் ஏரிக்கு எத்தனை மணிக்குப் போவோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாமவர் மதுரைப் பத்திரிகை ஒன்றின் ஆள், சுந்தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மட்டும்தான் பையனின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பெருமாள்மலையில் இறங்கி ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம் நடை. அந்தச் சரிவில் நாற்பது குடிசை இருக்கும். மழையில் கரைந்த மண்சுவர், துருப்பிடித்த தகரம், அதற்கு மேல் பாசி. எல்லாம் மண்ணோடு மண்ணாக ஒரே நிறத்தில் கிடக்க, நடுவில் ஒரு வீடு மட்டும் பளீரென்று கண்ணைப் பறித்தது. அதுதான் செல்வராஜின் வீடு.

ராணுவத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பட்டாளத்தில் பெரிய அதிகாரியோ கேமராவோ வருகிறது என்றால் முதலில் வருவது சுண்ணாம்பு வாளி. கல்லுக்கு வெள்ளை, மரத்துக்கு இடுப்பளவு காவியும் வெள்ளையும். எதற்கு என்று எவனும் கேட்க மாட்டான், கேட்டால் அவன் கையிலும் ஒரு மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். கர்னல் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், முந்தின நாளே ஒரு சுபேதாரையும் நான்கு சிப்பாய்களையும் அனுப்பியிருந்தார். சுவருக்கு இரண்டு கோட்டிங் சுண்ணாம்பு. தகரத்துக்குச் சிவப்பு பெயின்ட். பாதையின் இரண்டு ஓரமும் வரிசையாகக் கல் நட்டு, ஒவ்வொன்றுக்கும் வெள்ளை.

"சமையக்கட்டயும் விடல சார், உள்ள கரி அப்பிக் கெடந்துச்சு. சுரண்டி எடுத்துட்டு அடிச்சோம்" என்றார் சுபேதார். அந்தக் குளிரில் வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க அடுப்பு எரியும். பதினோரு வருடத்துக் கரி அது.

செல்வராஜின் அம்மா ராமாயிக்கு அது பிடிக்கவில்லை. "அடுப்படிச் சொவர விட்ருங்க தம்பின்னு சொன்னேன், கேக்கல. நாளைக்கே மறுபடி கறுக்கத்தானே போவுது" என்று முனகினார். அப்பா பெரியசாமிக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. புதுவேட்டி கட்டிக்கொண்டு கல் வரிசைக்கு நடுவில் இரண்டு தடவை நடந்து பார்த்தார். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவதற்குப் பெரட்டு என்று சொல்வார்களாம். "பெரட்டுக் களத்துல தொர நடந்து வருவாரு பாருங்க, அப்பிடி இருக்குங்கய்யா" என்றார்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தச் சரிவு காட்டு நிலமாம். பழைய குடிகளை விட்டுவிட்டு, புதிதாகப் போட்டவற்றைக் காட்டிலாகாக்காரர்கள் பிரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. எது பழையது, எது புதியது என்று சொல்ல அந்தக் குடிசைக்காரர்களிடம் ஒரு துண்டுத் தாள் கிடையாது.

"நாங்க தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல பொறந்தவங்கய்யா. அதுவும் தொரைக்குச் சொந்தம். நம்ம சொவருன்னு ஒண்ணு இங்கதான் வச்சோம். மவன் படத்தோட வீட்டுப் படமும் பேப்பர்ல வந்துட்டா ஒரு பய கை வைக்க மாட்டான்லங்க?"

"வைக்க மாட்டான்" என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன். பதக்கம் வாங்கிய சிப்பாயின் வீட்டைத் தொட இந்த நாட்டில் யாருக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன். அன்று மாலையே ஜீப்பில் இறங்கிவிட்டோம். மறுநாள் மூன்று பத்திரிகையிலும் படம் வந்தது. சுந்தரத்தின் பத்திரிகையில்தான் பெரிய படம். வெள்ளைச் சுவர், புதுப் பெயின்ட் அடித்த கூரை, கல் வரிசை, நடுவில் அம்மாவும் அப்பாவும். ராமாயி அடுப்படியில் நிற்கிற படம் உள்பக்கத்தில். கர்னல் என் தோளைத் தட்டினார்.

அக்டோபரில் செல்வராஜ் லீவில் வந்தான். ஊருக்குப் போனவன் இரண்டாம் நாளே திரும்பி, மதுரையில் என் அலுவலகத்தில் வந்து நின்றான். சல்யூட் அடித்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வீட்டப் பிரிச்சிட்டாங்க சார். எங்க வீட்ட மட்டும்தான்."

"ஏன்?"

"புது வீடாம் சார். சுத்தியிருக்கறதெல்லாம் பழசு, இது இப்பக் கட்டுனதுன்னு சொல்லிட்டாங்க. பதினோரு வருசம்னு அப்பா கத்தியிருக்காரு. பேப்பரக் காட்டி, இதுல பாரு, சொவத்துல ஒரு கரி இருக்கா, தகரத்துல ஒரு துரு இருக்கான்னு கேட்டாங்களாம்."

நான் நேராகக் கர்னலிடம் போனேன். வெள்ளையடித்தது நாம்தான், வீடு பழையது என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சிவிலியன் தகராறில் நம் பெயர் வரக் கூடாது" என்றார். சுண்ணாம்பு நம்முடையதுதானே சார் என்றேன். "மேஜர், நீ போகலாம்" என்றார்.

நான் என் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு சுந்தரத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர், ஆசிரியரிடம் போராடிப் பார்த்தார். ஆசிரியர் உறுதி செய்துகொள்ள எங்கள் அலுவலகத்துக்கே போன் போட்டார். எடுத்தவர் கர்னல். "கருத்துச் சொல்வதற்கில்லை" என்று நான் ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வாக்கியத்தை அவர் ஒரே தடவை சொன்னார், அத்தோடு முடிந்தது. என் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. முத்திரை இல்லாத உண்மையை எந்தப் பத்திரிகையும் போடாது, முத்திரை இருந்தால் எந்தப் பொய்யையும் போடும். டெல்லியில் மூன்று மாதத்தில் சொல்லித் தராத பாடம் இது. அடுத்த வாரமே என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், சிப்பாய்களின் கம்பளிக் கணக்கைப் பார்க்க.

போவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராஜோடு மலை ஏறினேன். மதுரையிலிருந்து பஸ் டிக்கெட் பதினொரு ரூபாய் சொச்சம். இன்றைக்கு அந்தக் காசுக்கு வத்தலக்குண்டில் டீ கூடக் கிடைக்காது. அவன் பெற்றோர் நாயுடுபுரத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டின் பின்கட்டில் ஒண்டியிருந்தார்கள். பெரியசாமி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "குளிருல வந்திருக்கீங்க, ஒரு வா டீ குடிங்கய்யா" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பிறகு நால்வரும் பஸ் பிடித்துப் பெருமாள்மலையில் இறங்கி, அந்தச் சரிவுக்கு நடந்தோம். பக்கத்துக் குடிசைகள் எல்லாம் அப்படியே இருந்தன, பாசியோடும் துருவோடும் பத்திரமாக. செல்வராஜின் வீடு இருந்த இடத்தில் காய்ந்த மண் மேடு. பாதையின் இரண்டு ஓரமும் கல் வரிசை மட்டும் நின்றது, சுண்ணாம்பு கலையாமல்.

"கல்ல ஏன்யா விட்டுட்டுப் போனாங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அது மிலிட்டரி கல்லுங்க. தொட்டா வம்பு வந்துருமுன்னு விட்டுட்டாங்க."

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ராமாயி சிரிக்கவில்லை. அந்த மேட்டில் குனிந்து, அடுப்பு இருந்த மூலையில் ஒரு சுவர்த் துண்டை எடுத்தார். நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினார். பட்டாளத்தார் சரியாகச் சுரண்டாத இடம் போலிருக்கிறது, உள்ளே கறுப்பாக இருந்தது. அதை மகனிடம் நீட்டி, "இந்தா, இதக் கொண்டுபோய் அவங்ககிட்டக் காட்டு" என்றார். செல்வராஜ் அதை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஏழு மணிக்குள் வத்தலக்குண்டைத் தாண்டிவிடுங்கள், பிறகு லாரிகள் வழியை அடைத்துக்கொள்ளும். வாந்தி வருபவர்கள் பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருங்கள். மே மாதமானாலும் ஸ்வெட்டர் வேண்டும். பெருமாள்மலையில் பிளம்ஸ் கிடைக்கும், பேரம் பேசாமல் வாங்குங்கள். சரிவுகளில் இறங்கி அங்கிருக்கிறவர்களின் வீட்டைப் படம் எடுக்கத் தோன்றினால் கேட்டுவிட்டு எடுங்கள். ஆனால் படம் அழகாக வர வேண்டும் என்று எதையும் நகர்த்தாதீர்கள், துடைக்காதீர்கள். அடுப்படிச் சுவரில் கரி இருந்தால் கரியோடு எடுங்கள். சிலருக்கு அந்தக் கரியைத் தவிர வேறு பத்திரம் கிடையாது.