ஊற்றுக்கரையில் ஒன்பது தொப்பிகள்

அந்தக் குளிர்காலக் காலையில் ஊற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஆவிக்குள்ளே எங்கோ ஒரு கடற்பசு மூக்கை மட்டும் நீருக்கு மேலே நீட்டி, நெடுந்தூரம் நடந்து வந்து குந்தும் கிழவனைப் போலப் 'புஸ்' என்று மூச்சுவிட்ட ஓசை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

லண்டன் இல்ஃபோர்ட்டில் ஒரே தெருவில் குடியிருந்த மூன்று மன்னார்க் குடும்பங்கள், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பள்ளி விடுமுறைக்குச் சேர்ந்து புளோரிடா போயிருந்தோம். கடல் குளிரும் மாதங்களில் இளஞ்சூடான ஊற்று நீரைத் தேடி வரும் கடற்பசுக்களை, யாரும் தொந்தரவு செய்யாமல் காத்துவைத்திருந்த பூங்கா அது. பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் ஒன்பது பேர், வாடகை வான் இரண்டு. எண்ணும் பொறுப்பு வழக்கம்போல என்னுடையது. எண்பதுகளில் மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குப் படகேறிய நாளில் பதினொரு பேரை எண்ணி ஏற்றி, பதினொரு பேரை எண்ணி மணலில் இறக்கினேன். அதன் பிறகு எண்ணாமல் யாரையும் ஒரு பஸ்ஸில்கூட ஏற்றியதில்லை.

எண்ணும் விதம் சிறுவயதில் படிந்தது. என்னைப் பெற்ற ஐயாவின் நெல்லுக்கடையில் கொத்து என்னும் அளவையால் அளக்கும்போது முதல் கொத்துக்கு 'ஒண்டு' என்று சொல்லக்கூடாது. 'லாபம்' என்றுதான் தொடங்க வேண்டும், அடுத்தது 'ரெண்டு'. எட்டு வயதில் ஒருநாள் வாய் தவறி 'ஒண்டு' என்றுவிட்டேன். ஐயா அளந்ததைத் திரும்பச் சாக்கிலே கொட்டி, "முதல்ல நல்ல சொல்லைச் சொல்லு, பிறகு கணக்கைப் பார்" என்றார். லண்டனுக்கு வந்து பண்டகசாலையில் வருடக்கணக்காகப் பெட்டிகளை 'ஒன், டூ' என்று எண்ணியபோதும், ஆட்களை எண்ணினால் என் வாயில் லாபம்தான் முதலில் வந்தது. அந்தப் பயணத்தில் வான் நின்ற இடமெல்லாம் லாபம் என்று நான் தலையைத் தொட்டது, எல்லோரிலும் சின்னவளான டிலானியை. என் நண்பன் அந்தோனியின் மகள், ஏழு வயது.

தொலைந்துவிடக்கூடாது என்று ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். ஊற்றுக்கு மேலே போட்டிருந்த மரப்பாலத்தில் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து நின்றபோது, பின்னாலிருந்து பார்த்தால் யார் யாரென்றே தெரியவில்லை. பூங்காப் பெண்ணொருத்தி அன்று காலை எண்ணிய கடற்பசுக்களின் தொகையைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். அதைச் சரிபார்க்காவிட்டால் எனக்கு ஆறாது. 'ஒன், டூ' என்று பதினேழு வரை வந்திருந்தேன்.

"அண்ணை, இதில ஒண்டு கிடைச்சால் முழு இல்ஃபோர்ட்டுக்கும் கறி வைக்கலாம்" என்றான் அந்தோனி.

"சத்தம் போடாதை, பிடிச்சுக்கொண்டு போவாங்கள்" என்று சொல்லியபடி திரும்பித் தொப்பிகளை எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டு.

"அந்தோனி, ஒரு பிள்ளையைக் காணேல்லை!"

"ஆரண்ணை?"

"தெரியாது. எட்டுப் பேர்தான் நிக்கினம்."

என் மனைவி பிலோமினா ஓடிவந்தாள். "ஆரெண்டு தெரியாமல் இது என்ன கணக்கு? பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ!"

நாக்கில் ஒரு பெயரும் வரவில்லை. ஒன்பதில் ஏழு மற்றவர்கள் என்னை நம்பி விட்ட பிள்ளைகள். அடி மணல்வரை தெரிந்த அந்தத் தண்ணீரில் நான் மஞ்சள் நிறத்தைத் தேடினேன். சாம்பல் நிற முதுகுகள் மட்டும் மெதுவாக நகர்ந்தன. கடலில் ஒருவரையும் தொலைக்காதவன், இந்தச் சின்ன ஊற்றில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டேனோ?

மூன்றாம் முறை, ஓரத்தில் நின்ற சின்னத் தலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு, உரக்க எண்ணினேன். "லாபம். ஒண்டு. ரெண்டு. மூண்டு…"

என் கோட்டை ஒரு சின்னக் கை இழுத்தது.

"மாமா, லாபத்துக்குப் பிறகு டூ எல்லே? நீங்க ஒண்டு எண்டு சொல்லுறீங்க" என்றாள் டிலானி. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். "அப்ப என்னை எண்ணேல்லையா?"

ஐயாவின் கடையில் பழகிய நாக்கும் பண்டகசாலையில் பழகிய நாக்கும் அன்றுதான் முதன்முறையாக முட்டிக்கொண்டன. நல்ல சொல்லைச் சொல்லிவிட்டு, கணக்கைப் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறேன், அதுவும் மூன்று தரம். நான் பாலத்துப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு வான் வரைக்கும் ஏசினாள். "என்ர பிள்ளையைக் கொசுறில சேர்த்துப்போட்டார்" என்று அந்தோனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காலடியில் ஒரு கடற்பசு 'புஸ்' என்று மூச்சுவிட்டது. நானும் விட்டேன்.

இன்று அந்தோனி இல்லை. ஒன்பது தொப்பிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இல்ஃபோர்ட்டுக்குப் பக்கத்துச் செவன் கிங்ஸில் நான் அரிசி வாங்கும் கடையில் பத்துக் கிலோப் பையாகத் தூக்கி வைக்கிறார்கள். கொத்தும் இல்லை, அளப்பவர் வாயில் லாபமும் இல்லை. பிள்ளைகள் ஐந்து ஊர்களில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக ஒன்பது பேருக்கும் போன் எடுப்பேன்; எடுக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. முதல் அழைப்பு டிலானிக்கு. தன் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே அவள் போனை எடுத்து, "மாமா, லாபம் கதைக்கிறன்" என்பாள்.

நான் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு, ரெண்டுக்குப் போவேன்.