ஆயுத பூஜையில் வைத்த சக்கரக் கட்டைகள்

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, எல்லாரும் கம்பளியும் கொசுவலையும் வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் ஒரு டிரெய்லரை வாங்கி வந்தார். நாலு சக்கரத்தின் மேல் தகரத்தில் ஓர் அறை. உள்ளே இரண்டு பலகைக் கட்டில், ஒரு ஜன்னல். அடையாற்றில், ஆற்றைப் பார்த்துச் சரிந்த எங்கள் மனையில் வீடு கட்டி முடியும்வரை அதில்தான் குடித்தனம் என்றார். சிமெண்டுக்குப் பர்மிட் கிடைக்காமல் சுவர் இடுப்பளவில் நின்றுபோயிருந்தது. மயிலாப்பூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கைக்குழந்தையும் மாமியாருமாக அந்தத் தகரப் பெட்டிக்குள் ஏறினேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மாமியாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் வைத்தால் ரசம் நீர்த்துப்போகும். நான் போட்டால் கோலம் கோணும். ஆனால் டிரெய்லர் விஷயத்தில் அவர் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது. பிரேக் துருப்பிடித்துக் கிடந்ததால், வண்டி ஆற்றுப் பக்கம் உருளாமல் இருக்கச் சக்கரங்களுக்கு அடியில் முக்கோணமாகச் செதுக்கிய கட்டைகளைச் செருகியிருந்தோம். காலையில் அவற்றைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் அவருக்கு மறு வேலை.

ஆயுத பூஜை வந்தது. இவர் ஆபீஸ் பூஜைக்குப் போய்விட்டார். மாமியார் பாதிச் சுவர் மறைவில் கோலம் போட்டுப் பலகை வைத்தார். "கருவி ஒண்ணு விடாம அலம்பிக் கொண்டு வா" என்றார். அரிவாள்மணை, சுத்தியல், கொத்தனார் விட்டுப்போன கரணை எல்லாவற்றையும் அடுக்கினேன். ஒன்று விட்டுப்போனால்கூடச் சொல்லிக் காட்டுவாரே! அவர் சுண்டல் தாளிக்கப் போன நேரத்தில் நாலு சக்கரக் கட்டைகளையும் உருவி, சேறு போக அலம்பி, சந்தனம் குங்குமம் இட்டு வரிசையில் வைத்துவிட்டேன். மழையில் சக்கரம் மண்ணில் புதைந்துதானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல! குழந்தை வண்டிக்குள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

கற்பூரம் காட்ட வந்த மாமியார் கட்டைகளைப் பார்த்து, "இதை யாருடி..." என்று ஆரம்பிப்பதற்குள், பால் கறக்க வந்திருந்த பால்காரர் அலறினார். வழக்கம்போல மாட்டை டிரெய்லரின் கொக்கியில் கட்டியிருந்தார். அது எதற்கோ மிரண்டு இழுத்திருக்கிறது.

"அம்மா, வண்டி போய்க்கினு கீதும்மா! ஓடியா!"

ஐயோ, குழந்தை உள்ளே! பூஜையில் வைத்த புத்தகத்தை நான் மறந்துபோய்த் தொட்டதற்கு, முந்தின வருஷம் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தவர் மாமியார். அவர் கற்பூரத் தட்டை அப்படியே கீழே போட்டார். சாமி முன்னால் இருந்த கட்டைகளில் இரண்டைப் பறித்துக்கொண்டு மடிசார் புடவையோடு ஓடினார். முதல் கட்டையைச் சக்கரம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவதை, மண்டியிட்டு இரண்டு கையாலும் திணித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. தண்ணீருக்கு இருபதடிகூட இல்லை.

குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மாமியாரின் விரலில் நகம் பெயர்ந்து ரத்தம் சொட்டியது. அறுபது வயசு உடம்பில் அத்தனை வேகம் எங்கே இருந்ததோ, அம்மாடி! அந்தக் காலில் விழவேண்டும் போல இருந்தது எனக்கு.

சாயங்காலம் இவர் திரும்பி வந்தார். மண்ணில் சக்கரத் தடத்தையும் அம்மாவின் விரலில் சுற்றியிருந்த துணியையும் பார்த்தார். நடந்ததைப் பால்காரர் வழியிலேயே சொல்லியிருந்தார்.

"எந்த முட்டாள் கட்டையை எடுத்தது?" என்று கத்தினார்.

வாயைத் திறந்தேன்.

"நான்தான்டா எடுத்தேன்" என்றார் மாமியார். "பூஜைக்குன்னு எடுத்தேன். திட்டறதுன்னா என்னைத் திட்டு."

மாமியார் என் பக்கம் திரும்பினார். எப்போதும் அதட்டும் அதே குரல்தான்.

"மசமசன்னு நிக்கறியே, குழந்தைக்குப் பசிக்கும். உள்ள போ."